நான்கு செத்த லைன்கள்

வத்துகாமம் தாண்டிப் பன்வில வளைவுகளில் வேன் ஏறிக்கொண்டிருந்தபோது, லோஜினி மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து இரண்டு ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தாள். பத்து நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை. ஒரு பெண் செத்துப்போயிருக்கிறாள், அதில் தன் கையும் இருக்கிறது. அது தெரிந்தும் உடம்பு அதன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த உடம்பை என்னவென்று சொல்வது? அழுதுவிடலாம் என்று இரண்டு தடவை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

அவளுடைய வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். லோஜினிக்கு முப்பத்தொரு வயது, ஊர் மஹய்யாவ. டெலிபோன் கம்பனி ஒன்றுக்கு ஒப்பந்த வேலை செய்து கொடுக்கும் சின்ன நிறுவனத்தில் டெக்னீஷியன். மடுல்கெல்ல மலையிலிருந்து கண்டிக்கு இறங்கும் பழைய டெலிபோன் லைன்களைப் பழைய கருவிகளிலிருந்து கழற்றி, கேட்வே என்ற பெட்டிக்குள் ஏற்றுவதுதான் இந்த வருடத்து வேலை. பிஸ்கட் டின் அளவுப் பெட்டி. பழைய லைனில் வரும் பேச்சை வாங்கித் துண்டு துண்டாக நறுக்கி, இன்டர்நெட் போகிற அதே ஃபைபரில் அனுப்பிவிடும். மறுமுனையில் இன்னொரு பெட்டி அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, வரிசை பிசகாமல் ஒட்டிக் கொடுக்கும். போனைத் தூக்குகிறவருக்கு எதுவும் தெரியாது. முப்பது வருடத்துப் போன், வழியில் எல்லாமே மாறிப்போனதை அறியாமல், பழையபடியே மணியடிக்கும்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பெட்டியில் முப்பது லைனுக்கு இடம். மலையிலிருந்து இறங்கியவை முப்பத்துநான்கு. இரண்டாவது பெட்டி கேட்டால் கம்பனி முகத்தைச் சுளிக்கும்.

"செத்த லைன் ஒரு நாலாச்சும் ஈக்கும், பாத்து எடுங்க லோஜினி" என்று அவளுடைய மேலாளர் முனாஸ் சொல்லிவிட்டார்.

செத்த லைன் என்றால் மறுமுனையில் போனே இல்லாத லைன். மடுல்கெல்ல கருவி அறையில் மீட்டரை மாட்டினால் அது வெறுமை என்று காட்டிவிடும். உயிரோடிருப்பதை அவசரத்தில் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக, மூன்று வெவ்வேறு நாளில் மூன்று தடவை பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். விதியை எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஏப்ரல் மாதத்தில் அவர் இந்த மலைப்பக்கம் வந்ததில்லை.

ஏப்ரலில் காலை வேளை முழுவதும் ஃபைபர் இழுக்கிற ஆட்கள் அந்த அறையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். லோஜினிக்குப் பிற்பகல்தான் கிடைத்தது. பிற்பகல் இரண்டு மணியானால் மலையில் இடி தொடங்கிவிடும். இடி நேரத்தில் கம்பியில் கை வைக்க அவளுக்கு என்ன பைத்தியமா? மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருப்பாள். இடி அடங்கி, மழை தூறலாகும்போது எழுந்து சோதிப்பாள். மூன்று நாளும் அப்படித்தான் நடந்தது. மூன்று நாளும் அதே நான்கு லைன்கள் வெறுமை காட்டின. மூடிப்போன வங்கிக் கிளை ஒன்று, கூரை விழுந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, ஆளில்லாத பங்களா ஒன்று. நான்காவது, நீலாவத்தைத் தோட்டத்து டிஸ்பென்சரி.

அந்த லைனுக்கு நம்பர் சுழற்றும் வேலையே இல்லை. இங்கே போனைத் தூக்கினால் டவுனில் ஆம்புலன்ஸ் அறையில் மணியடிக்கும், அவ்வளவுதான். டிஸ்பென்சரி இருக்கும் பள்ளத்தில் மொபைல் சிக்னல் கிடையாது. வருடத்துக்கு நாலைந்து தடவை தேவைப்படுகிற லைன். லோஜினி நான்குக்கும் நேரே செத்தது என்று எழுதினாள். முப்பத்துநான்கில் நான்கு போனால் சரியாக முப்பது. கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியதில் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

மே மாதம் ஒன்றாம் திகதி பெட்டிக்கு உயிர் கொடுத்தார்கள். பதினெட்டாம் நாள் காலை பத்து மணிக்கு நீலாவத்தையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ரத்தினம்மா என்பவளைக் குளவிக்கூட்டம் மொய்த்துக் கொட்டியது. டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே பொறுப்பிலிருந்த செல்லப்பா போனைத் தூக்கினார். போனில் மூச்சே இல்லை. கடைசியில் கொழுந்து லொறியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வத்துகாமம் வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

தோட்டத்து விசாரணையில் முதல் நாளே செல்லப்பா தானாக ஒரு விஷயம் சொல்லியிருந்தார். மத்தியானம் இடி முழங்கினதும் போன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பது அவர் வழக்கம். சாயந்தரம் டிஸ்பென்சரியைப் பூட்டும்போதுதான் திரும்ப மாட்டுவார். மலையில் யார்தான் அப்படிச் செய்யவில்லை? மஹய்யாவையில் லோஜினியின் வீட்டிலும் இடி கேட்டால் டிவி ஒயரைப் பிடுங்குகிற முதல் ஆள் அவள்தான். கருவி அறையில் தன் கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு, கம்பியின் அந்தப் பக்கமும் ஒரு கை இருக்கும் என்று மூன்று நாளும் தோன்றவே இல்லை.

முனாஸுக்கோ அந்த வாக்குமூலம் கொண்டாட்டமாகிவிட்டது. மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். நேற்று ஒரு கடிதத்தை அவள் முன்னால் வைத்தார். மூன்று நாள் சோதித்தோம், மூன்று நாளும் வாடிக்கையாளர் தமது போனைக் கழற்றி வைத்திருந்தார், ஆகையால் லைன் நீக்கப்பட்டது.

"இதுல பொய் ஒரு சொல்லாவது ஈக்கா? நீங்களே பாருங்க" என்றார்.

"இல்ல சேர்."

"அப்ப சைன் வெச்சிட்டு, நாளைக்கி லைனக் குடுக்கப் போறப்ப அந்த மனிசன்ட சைனையும் எடுத்துட்டு வாங்க. திங்கட்கிழமை விசாரணைக்கு வேணும். இல்லாட்டி ஒங்கட வேலையும் போகும், எண்ட வேலையும் போகும்."

அவள் கையெழுத்து வைத்தாள். வைக்கும்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

நீலாவத்தை டிஸ்பென்சரி ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மருந்து அலுமாரி, சுவரில் சாம்பல் நிறப் போன். செல்லப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்.

"வாங்க மிஸ். தண்ணி ஏதும் குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றாள். மடுல்கெல்லவில் இறங்கி அந்த லைனுக்கு இடம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இடம் இருக்கத்தான் செய்தது. முப்பதில் சேர்க்காமல் பெட்டியில் இன்னும் இரண்டு இடத்தைக் கம்பனி சும்மா மறித்து வைத்திருந்தது. போனைத் தூக்கிக் காதில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே டவுனில் ஒரு குரல் எடுத்தது. டெஸ்ட் என்று சொல்லி வைத்தாள். மொத்தமாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செல்லப்பா அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடிதத்தை நீட்டினாள். அவர் வாசிக்கவில்லை.

"எங்க வைக்கணும், மிஸ்?"

"படிச்சுப் பாருங்க ஐயா."

"என்னத்தப் படிக்க? நாந்தான் கழட்டினேன். வேலைய விட்டு நிப்பாட்டுறதாத் தோட்டத்துத் தொர சொல்லிட்டாரு. கோட்டர்ஸயும் குடுத்துட்டுப் போகணுமாம். போறோம். மகன் தெல்தோட்டையில இருக்கான், அங்க போயிருவோம்." சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். "இங்கயா?"

அவர் பேனை தாளில் படும் முன் லோஜினி கடிதத்தை இழுத்துக்கொண்டாள். யோசித்துச் செய்ததில்லை. மருந்து அலுமாரியின் மேல் அதை விரித்து, தன் கையெழுத்துக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். மூன்று சோதனையும் பிற்பகலில், இடி அடங்கிய கையோடு செய்யப்பட்டவை. இடிக்குப் போனைக் கழற்றுவது இந்தப் பகுதி வழக்கம், அது எனக்குத் தெரியும். காலையில் ஒரு தடவையாவது சோதித்திருந்தால் போன் இருப்பது தெரிந்திருக்கும். சோதிக்கவில்லை. தவறு என்னுடையது. நேரங்களையும் வரிசையாக எழுதினாள்: மூன்று இருபது, மூன்று நாற்பது, நான்கு பத்து. முனாஸ் சேர் இனி என்ன செய்வார் என்று ஒரு தடவை நினைத்தாள். தெரிந்த விஷயம்தான், அதற்கு மேல் நினைக்கவில்லை.

"இத நீங்களே வச்சிக்குங்க. திங்கக்கெழம தொரைகிட்டக் குடுங்க" என்று அவரிடம் கொடுத்தாள்.

இந்தத் தடவை செல்லப்பா வாசித்தார். உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். முடித்ததும் திரும்ப மேலிருந்து தொடங்கினார். இரண்டாவது தடவை முடிந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

"அப்ப அன்னைக்குக் காலையில ஒயர் சரியாத்தான் மாட்டியிருந்திச்சா, மிஸ்?"

"சரியாத்தான் இருந்திருக்கும். லைன் ஒண்ணாந்திகதியே போயிருச்சு. நீங்க எப்படி மாட்டினாலும் வந்திருக்காது."

"எப்படி மாட்டினாலும்..." என்றார். கட்டிலில் உட்கார்ந்தார். "நான் மொத நா சாயந்தரம் சரியா மாட்டலையோன்னு நெனச்சிட்டேன் புள்ள. கழட்டிக் கழட்டி மாட்டினேன். பிளேடால சொரண்டி மாட்டினேன். லொறி வாசல்லயே நிக்கிது. அந்தப் பொண்ணு இந்தக் கட்டில்லதான் கெடந்திச்சு. இருங்க இருங்க, இந்தா வந்திரும்னு சொல்லிச் சொல்லி, இருவது நிமிஷம் நான் போனோடயே நின்னேன்."

வெளியே மலையில் கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கடிதத்தில் எழுத அந்த இருபது நிமிஷத்துக்கு இடம் இல்லை.

"இதச் சின்னமுத்துகிட்டயும் சொல்லிருங்க" என்றார் செல்லப்பா. "அந்தப் பொண்ணோட புருஷன். மேல் லயத்து வீட்டு வரிசையில ரெண்டாவது காம்பரா. நான் சொன்னா அவன் கேக்க மாட்டான்."

வேன்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவள் படியேறிப் போனாள். சின்னமுத்து வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். கம்பனிச் சட்டை போட்ட பெண்ணைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்க என்று சொல்லி, வாசலில் நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஏப்ரலில் மூன்று நாள் வந்தது, மூன்று நாளும் பிற்பகலில் பார்த்தது, லைன் செத்தது என்று எழுதியது, எழுதியவள் தான்தான் என்பது. அந்த இருபது நிமிஷத்தை மட்டும் சொல்லவில்லை. குரல் கருவி அறையில் ரிப்போர்ட் படிக்கிறவள் குரல் மாதிரியே இருந்தது. அவர் அடிக்க வந்தால்கூட நகரக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

சின்னமுத்து பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப செல்லப்பா அண்ணன் போன மாட்டித்தான் வச்சிருந்தாரா?"

"மாட்டித்தான் வச்சிருந்தாரு."

"சாவு வீட்டுல எல்லார் முன்னுக்கும் அவரக் கொலகாரன்னு சொல்லிட்டேனே."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கையைக் கழுவினார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து, மாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். லோஜினி விலகி வழிவிட்டாள். அவர் பொத்தான்கூடப் போடாமல் டிஸ்பென்சரிப் பக்கம் படியிறங்கி ஓடினார். அவளை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.