சலைன் ஏறிய கை

அண்ணனுக்குப் பெருங்குடலில் பாதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதே ஆஸ்பத்திரி லேபில்தான் எனக்கு வேலை. பெரிய ஆபரேஷன் ஆனால் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் சரியும். சிஆர்பி என்ற இன்னொரு புரதம் விறுவிறுவென்று ஏறும். மூன்றாம் நாளுக்குப் பிறகு சிஆர்பி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உள்ளே தையல் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் அண்ணனுக்கு இருநூற்று அறுபது.

நான்காம் நாள் காலை அண்ணனின் ரத்த ட்யூபை மெஷினில் வைத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். நூற்று நாற்பது. அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, இறங்கிடுச்சு!"

"நெசமாவா? வயிறு வலிக்குதுன்னு முனகிட்டே இருக்காரே."

"அண்ணன் சின்னப் புள்ளையிலேருந்தே முள்ளு குத்தினா ஊரைக் கூட்டும். நீங்க முதல்ல போய் சாப்பிடுங்க."

டாக்டரும் தாளைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு எடுக்கவிருந்த வயிற்று ஸ்கேனை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அதே தாளில் ஆல்புமினும் முந்தின நாளில் பாதி. மொத்தப் புரதமும் பாதி, கால்சியமும் பாதி. எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகக் குறைந்தால், சலைன் ஏறுகிற கையிலேயே எடுத்து ரத்தம் நீர்த்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். "நீங்க நர்ஸா, பால்ல தண்ணி ஊத்துற ஆளா?" என்று எத்தனை வார்டுகளைப் போனில் கிழித்திருக்கிறேன்! வேறு யாருடைய ட்யூபாக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பேன். அண்ணன் தாளில் எனக்கு வேண்டிய எண்ணை மட்டும் பார்த்தேன். ஆல்புமின் குறைவது ஆபரேஷனுக்குச் சகஜம்தானே என்று மற்றதைத் தாண்டிவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை அண்ணனுக்குக் குளிர்ஜுரம் தூக்கிப்போட்டது. நானே போய் மறு கையில் ரத்தம் எடுத்தேன். முன்னூற்று எண்பது. வயிற்றைத் திறந்தபோது உள்ளே முழுக்கச் சீழ்.

"நேத்தே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்கு மூன்றாவது நாள் அண்ணன் போய்விட்டார்.

ஐசியூ வாசல் பெஞ்சில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீதான் இறங்கிடுச்சுன்னு சொன்னியேம்மா. நான் சாப்பிடப் போன நேரத்துலதான் ஏறிடுச்சோ? நான் போயிருக்கக் கூடாது."

"இல்ல அண்ணி," என்றேன். "அது இறங்கவே இல்ல."