ஏர் கமடோர் ஜெகந்நாதன் மறுபடி பிறந்தது

ஜெகந்நாதன் எந்த ஊர் வானத்தில் விமானம் ஓட்டினாலும் அதன் நிழல் உத்திரமேரூர் ஏரியின் மேல்தான் விழுந்தது. அம்பாலாவில் கிளம்பினாலும் சரி, அஸ்ஸாம் மலையில் மூட்டை இறக்கினாலும் சரி, இங்கே தலைக்கு மேல் ஒரு காக்கைகூட இல்லாத வெட்ட வெயிலில், இரண்டு இறக்கையும் வாலுமாக ஒரு டகோட்டா விமானத்தின் நிழல் தண்ணீரைத் தாண்டி, கரையேறி, களத்து நெல்லின் மேல் ஊர்ந்து போகும். சத்தம் கிடையாது. 1951-ல் இது ஆரம்பித்தது. முதல் வாரம் ஊர் அண்ணாந்து பார்த்தது. கழுத்து வலித்ததும் குனிந்து பார்க்கப் பழகிக்கொண்டது. ஏரிக்குக் கீழே பயிர் வைத்திருந்த சடையப்பன் மட்டும், காயப்போட்ட நெல்லில் நிழல் பட்டால் ஈரம் உலராது என்று கிராம முன்சீப்பிடம் பிராது கொடுத்தார். மரத்து நிழலென்றால் கிளையை வெட்டச் சொல்லலாம், இதில் எதை வெட்டச் சொல்வது என்று முன்சீப் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நிழல் யாருடையது என்று கண்டுபிடித்தவள் நாமகிரி, ஜெகந்நாதனின் மனைவி. அவர் லீவில் வந்திருந்த நாட்களில் நிழல் வரவில்லை. செங்கல்பட்டில் ரயிலேறிப் போய் வேலையில் சேர்ந்ததும் வந்துவிட்டது. இதற்கு மேலும் அத்தாட்சி கேட்கிறவன் வக்கீலாகத்தான் இருக்கவேண்டும். அன்றிலிருந்து தினமும் உச்சிவேளையில் துணி உலர்த்துகிற சாக்கில் அவள் ஏரிக்கரைக்குப் போய்விடுவாள். பாவம், அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: புருஷனோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது. பெருமாள் கோயில் தெருவில், பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில், ஜெகந்நாதனின் சித்தப்பா ராமானுஜத்துக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு அவள் இருந்தாள். அடுத்த போஸ்டிங்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடும், அழைத்துப் போகிறேன் என்று அவர் ஒவ்வொரு லீவிலும் சொன்னார். அடுத்த போஸ்டிங் வந்தது, போனது. அவள் மட்டும் இங்கேயே இருந்தாள்.

ஆனால் ஒன்று, ஜெகந்நாதனின் உத்தியோகம் கிடுகிடுவென்று ஏறியதற்கு நாமகிரிதான் காரணம். வடக்கே ஒரு நதியின் மேல் வீம்புக்குத் தாழப் பறந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள், இங்கே நிழல் பெருத்துத் திமுதிமுவென்று ஓடும். அந்த வாரமே 'புதன்கிழமை என்ன குரங்குச் சேஷ்டை?' என்று கார்டு போய்ச் சேரும். பெண்டாட்டியும் நாற்று நடுகிற பெண்களும் முன்சீப்பும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எந்த மனுஷன் கோணலாக ஓட்டுவான்? கோடு போட்ட மாதிரி பறந்தார், பூ வைத்த மாதிரி இறக்கினார். மேலதிகாரிகள் இதைக் கட்டுப்பாடு என்று எழுதி ஸ்குவாட்ரன் லீடர் ஆக்கினார்கள், பிறகு விங் கமாண்டர், பிறகு குரூப் கேப்டன். நாமகிரியின் அண்ணன் வரதனிடம் அவரே ஒருமுறை மனசு விட்டுச் சொன்னார்: அவள் கரையில் நிற்கிறாள் என்கிற தைரியத்தில்தான் பறக்கிறாராம், அவளை அங்கிருந்து கிளப்பிவிட்டால் ஏரியில் விழுகிற நிழலைப் பார்க்க ஆளில்லாமல் போய்விடுமாம். குவார்ட்டர்ஸ் கிடைக்காத ரகசியம் இவ்வளவுதான். வரதன் இதைத் தங்கையிடம் அப்படியே ஒப்பித்தார். அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

1962 ஐப்பசியில், சீனாக்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்தபோது, நிழல் நின்றுவிட்டது. கடிதமும் நின்றது. கார்த்திகை பிறந்தும் ஏரி வெறும் ஏரியாகவே கிடந்தது. சித்தப்பா ராமானுஜம் நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர்; பந்திக்கு மணியடிக்கும் முன்பே இலையில் தண்ணீர் தெளித்துவிடுகிற ரகம். உடம்பு பொய் சொன்னாலும் நிழல் சொல்லாது, பிள்ளை போய்விட்டான் என்று அவர் முடிவு கட்டினார். ஊரும் ஆமாம் என்றது, ஏனென்றால் பத்து வருஷத்துக்கு மேலாக அந்த நிழல் ஒருநாளும் எங்களை ஏமாற்றியதில்லை. தாலியைப் பற்றி அவர் மென்று முழுங்கிப் பேச்செடுத்தபோது நாமகிரி தயிர் கடைவதை நிறுத்தவில்லை.

"மாமா, நிழல் வரலேன்னா அவர் ஆகாசத்துல இல்லேன்னுதான் அர்த்தம். தரையில இருக்கார். தரையில இருக்கறவருக்கு நான் எதுக்குத் தாலியைக் கழட்டணும்?"

அவர் கேட்கவில்லை. தர்ப்பையில் ஒரு பொம்மை முடைந்து, செய்யாற்று மணலில் அதை எரித்து, சாம்பலைத் திருமுக்கூடலில் கரைத்து, காரியங்களை முறையாக முடித்துவிட்டுக் கண்ணீரும் விட்டார். நாமகிரி அன்றும் பூ வைத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

தை மாதம் ஒரு ஜீப்பில் ஜெகந்நாதன் வந்து இறங்கினார். சண்டை தொடங்கியதும் அவரை விமானத்திலிருந்து இறக்கி, ஏர் கமடோர் ஆக்கி, டெல்லியில் ஒரு அறையில் வரைபடங்களோடு உட்காரவைத்துக் கடிதம் எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தெருமுனையில் முதலில் எதிர்ப்பட்டவர் சடையப்பன்.

"இன்னா சாமி இது, உங்க காரியத்துக்கு வாழ எலகூட நான்தானே அறுத்துக் குடுத்தேன். இப்ப வந்து நிக்கிறீங்களே."

சித்தப்பா கட்டிக்கொண்டு அழுதார், ஆனால் வாசற்படி ஏற விடவில்லை. காரியம் முடிந்தது முடிந்ததுதான். செத்தவன் வீட்டுக்குள் வரவேண்டுமானால் மறுபடி பிறந்துதான் வரவேண்டும், அதற்குச் சாஸ்திரத்தில் வழி இருக்கிறது என்றார். விமானங்களையும் வீரர்களையும் அதட்டி மேய்த்த ஏர் கமடோர் சத்திரத்தில் படுத்துக்கொண்டு, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று பல்லைக் கடித்தார். வீட்டுக்குள்ளிருந்து நாமகிரி, எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்ளும்படி சொல்லியனுப்பினாள். மறுபடி பிறந்தவன் பெண்டாட்டியையும் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டாக வேண்டும் என்பதை அவள் முன்பே விசாரித்து வைத்திருந்தாள்.

அப்படியாக, ஆறடி உயரமும் முறுக்கு மீசையுமாக ஜெகந்நாதன் நெய்யில் முழுக்காட்டப்பட்டுப் பிறந்தார். முன்சீப் சம்சாரம் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். பழைய பெயரையே காதில் ஓதினார்கள். தொட்டிலுக்குப் பதில் ஊஞ்சலில் போட்டு ஆட்டினார்கள். சங்கிலி ஒன்று அறுந்தது. காலையில் அன்னப்பிராசனம், மத்தியானம் காது குத்து, மறுநாள் பூணூல். பல் முளைக்கவில்லையே என்று கவலைப்பட யாருக்கும் அவசியமில்லாமல் போனது. வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்தார்கள்.

ஐயங்கார் கல்யாணத்தில் காசி யாத்திரை என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை குடையும் தடியும் எடுத்துக்கொண்டு, சம்சாரமே வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று வடக்கே நடப்பார். பெண்ணைப் பெற்றவர் ஓடிப்போய், என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்று கூப்பிடுவார். அவரும் அதற்காகவே காத்திருந்தவர்போல் திரும்பிவிடுவார். நாமகிரிக்கு அப்பா இல்லை. அந்த இடத்தில் நின்ற வரதன் வாயெடுப்பதற்குள், கூறைப்புடவை கட்டிய மணப்பெண் தெருவில் இறங்கிவிட்டாள்.

"அண்ணா, கூப்பிடாதே. அவர் போகட்டும். நானும் கூடப் போறேன்."

நாதஸ்வரம் நின்றது. ஜெகந்நாதன் குடையைப் பிடித்தபடி திரும்பினார். அவர் பயந்து எங்கள் ஊர் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"நீ கரையில இல்லேன்னா என்னை யாரு பார்ப்பா, நாமு?"

"இத்தனை வருஷம் நிழலைப் பார்த்துண்டு நின்னேன். போறும். அழைச்சிண்டு போறதானா தாலி கட்டுங்கோ. இல்லேன்னா இப்படியே காசிக்குப் போயிடுங்கோ."

புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு உத்தியோகம் ஏது, குவார்ட்டர்ஸ் ஏது என்று சித்தப்பா சமாதானம் பேச வந்தார். நீங்கள் சும்மா இருங்கள் என்று முன்சீப்பே அவரை அடக்கினார். ஜெகந்நாதன் குடையை மடக்கினார், மணையில் போய் உட்கார்ந்தார், தாலி கட்டினார். பழைய தாலியும் புதுத் தாலியுமாக இரண்டோடு நாமகிரி ஜீப்பில் ஏறினாள். சித்தப்பாவுக்குச் சமைக்க மார்த்தாண்டம் பக்கத்துப் பரிசாரகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் கையால் உப்பு தூக்கலாகவே இருந்தது.

அடுத்த வருஷம் ஜெகந்நாதனுக்கு வடக்கே ஒரு விமானத் தளத்தின் பொறுப்பைக் கொடுத்தார்கள். நாற்காலியில் மட்டும் உட்கார முடியாமல், வாரத்துக்கு ஒருமுறை தாமே டகோட்டாவை எடுப்பதாகச் சேதி வந்தது. ஊர் மொத்தமும் ஏரிக்கரைக்குப் போய் நின்றது. முன்சீப் குடையோடு வந்தார். உச்சிவேளை தாண்டியது, நிழல் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. சித்தப்பா தர்ப்பையின் பக்கம் கண்ணைத் திருப்புவதற்குள் வரதன் நேரில் பார்த்துவர ரயிலேறினார்.

திரும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். விமானம் கிளம்பிக் கண்காணாத தூரம் போய்விடுகிறது. அங்கே தளத்துப் பங்களாவின் மொட்டைமாடியில் நாமகிரி வடாம் பிழிந்துகொண்டிருக்கிறாள். நிழல் வந்து அவள் மேல் விழுகிறது. கொஞ்சம் தள்ளிப் போங்கோ, வெயில் வேணும் என்று அவள் அதைப் பார்த்துச் சொல்கிறாள். அதுவும் தள்ளிப் போகிறது.

அப்படியா, என்றார் சடையப்பன். அன்று வெயில் நன்றாக இருந்தது, நெல்லைக் கிளறிவிடப் போய்விட்டார். அந்த நிழல் எங்கள் ஏரிக்காக வருகிறது என்று நாங்கள்தான் இத்தனை காலம் பெருமையடித்துக்கொண்டிருந்தோம்.