இல்லாத ஓட்டை

கடைக்குப் புதிதாக வந்த முதலாளி எங்கள் எல்லோருக்கும் காப்பீடு எடுக்கப் போவதாகவும், உடம்பைப் பரிசோதித்துக்கொண்டு வரும்படியும் சொன்னார். நாற்பது வயது தாண்டி, முதல் தடவையாக ஒரு இதய டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே, "எனக்குப் பிறவியிலேயே நெஞ்சுல ஓட்டை டாக்டர்" என்றேன். வீட்டு விலாசம் சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த அந்த டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். "ஓட்டையும் இல்ல, ஓட்டை அடைஞ்ச தடமும் இல்ல. யாரும்மா உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

வேறு யார், அம்மாதான். பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் சொன்னாள். ஓடினால் ஓட்டை பெரிதாகிவிடும், டாக்டர் கை வைத்தாலும் பெரிதாகிவிடும். அன்றைக்கு நின்றதுதான், நான் ஓடியதே இல்லை. வகுப்பில் எனக்கு முட்டை என்று பட்டப்பெயர். கணக்கில் வாங்கியதால் அல்ல, தொட்டால் உடைந்துவிடுவேனாம். எத்தனை பஸ்கள் என் கண் முன்னாலேயே கிளம்பிப் போயிருக்கின்றன! உட்கார்ந்தே செய்கிற வேலையாகத் தேடி, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கச் சேர்ந்தேன்.

அங்கே பிரேம் விற்க வருகிறவருக்கு என்னைப் பிடித்துப் போனது. எனக்கும்தான். கட்டிக்கொள்கிறேன் என்றார். ஏமாற்றக் கூடாதே என்று ஓட்டையைப் பற்றி, அதனால் பிள்ளை பெற முடியாது என்பதைப் பற்றி நானே சொன்னேன். அதற்கப்புறம் மனிதர் கடைப் பக்கம் தலைகாட்டவே இல்லை. பயந்தாங்கொள்ளி என்று பதினைந்து வருடமாக மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, அதையா இன்னும் நெனச்சிட்டிருக்க? கீழ வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் ரொட்டி சுடுறவரு, பகல்லதான் தூங்குவாரு. நீ மேல தடதடன்னு ஓடுவ. அவரு தொடப்பக்கட்டையால கூரையில இடிப்பாரு. காலி பண்ணச் சொல்லிட்டா நாங்க எங்க போறது?"

"ஓடாதன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கேக்குற பிள்ளையா நீ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி, அந்த வீட்டை விட்டு வந்தப்புறம்? அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாமே!"

"எதுக்கு? நீ பாட்டுக்கு வீடு உண்டு, வேலை உண்டுன்னு இருந்த. நல்லாத்தானே போச்சு."

"எது நல்லாப் போச்சு? கட்டிக்கிறேன்னு சொன்ன மனுஷன் பயந்து ஓடினாரே, அதுவா?"

அம்மாவின் கை நின்றது. பிறகு, ஏதோ நான்தான் தொந்தரவு செய்கிறேன் என்பது போல எரிச்சலோடு சொன்னாள்.

"அவரு ஒண்ணும் ஓடல. இங்க வந்தாரு. நீ கடைக்குப் போயிருந்த. பிள்ளை இல்லாட்டி என்னம்மா, அவளை நான் பாத்துக்கறேன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ போயிட்டா என்னை யாருடி பாத்துக்குவா? அவளுக்கு இதுல இஷ்டமில்ல தம்பி, இனிமே உங்களைப் பாத்தாலே அவ நெஞ்சு தாங்காதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். பாவம், கண்ணைத் தொடச்சிக்கிட்டே படியிறங்கினாரு."

சொல்லிவிட்டு மறுபடியும் பட்டாணியை எடுத்துக்கொண்டாள். அவளை அந்தக் கணத்தில் வெறுத்தேன், அது வேறு. நான் நினைத்ததெல்லாம் அவரைத்தான். எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று, கடை இருக்கிற தெருவுக்குக்கூட வராமல் இருந்த மனிதரைத்தான் இத்தனை வருடமாகத் திட்டியிருக்கிறேன்.