பத்தாயத்துக்குள் ஸ்பீக்கர்

என் வீட்டு ரேடியோ கீரிப்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரனுடையது. சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் அவன் கப்பலேறும்போது நான் வாங்கினேன். ரேடியோ தனி, சத்தம் வருகிற இரும்புக் குழாய் தனி. குழாய் ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்கும். பாட்டரியில் ஓடும்.

நாலு வருஷத்தில் குழாய்க்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாடுவது ஆணா பெண்ணா என்றே தெரியாது. என் மனைவி அழகியநாயகி பாட்டுப் பைத்தியம். விளக்கேற்றிவிட்டு, அடுத்த தெருவில் அவள் தம்பி வள்ளிநாயகம் வீட்டுக்குப் போய்விடுவாள். அவன் புது ரேடியோ வாங்கியிருந்தான். வீட்டில் ரேடியோ வைத்துக்கொண்டு பெண்டாட்டியை மச்சினன் வீட்டுக்குப் பாட்டுக் கேட்க அனுப்புகிறவன் என்று ஊர் சிரித்தது. வள்ளிநாயகம் குளத்தங்கரையில் நாலு பேர் முன்னால் கேட்டான்.

"அத்தான், அக்காளுக்கு எங்க வீட்டுலயே ஒரு கட்டிலு போட்டிரட்டா?"

அன்றைக்கே நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். ரேடியோக் கடை மரியஜான், ரேடியோவுக்கு ஒரு குறையும் இல்லை, குழாயை மாற்றி ஸ்பீக்கர் வைத்தால் போதும் என்றான். விற்கிறவன் வேறென்ன சொல்லுவான்? அறுப்பு வரைக்கும் வைத்துக் கேளுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள் என்றும் சொன்னான். இப்படிச் சும்மா தூக்கிக் கொடுக்கிறவனை இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும். ஸ்பீக்கரை அடைக்க ஒரு மரப்பெட்டி வேண்டும், அது வேறு விலை என்றான். சத்தம் வருவது ஸ்பீக்கரில், பெட்டியா பாடப் போகிறது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் வந்து பொதியைப் பிரித்தால் காகிதம். இரும்பு வளையத்துக்குள்ளே புனல் மாதிரிக் காகிதம் ஒட்டியிருக்கிறது. இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காகிதத்தை வாங்கு என்கிறான். வயரை முறுக்கிப் பாட வைத்தேன். தேங்காய்ச் சிரட்டைக்குள் கொசு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அழகியநாயகி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் ஆடிச் சாரல் விடவில்லை. காகிதம் நனைந்தாலும் எலி கடித்தாலும் பழி என் தலையில்தான் விழும். ஈரமும் எலியும் அண்டாத இடம் எங்கள் வீட்டில் பத்தாயம் ஒன்றுதான். ஆள் உயரத்துக்குப் பலா மரத்தில் செய்த நெல்லுப்பெட்டி, இரண்டு அறை; ஒன்று சாப்பாட்டு நெல்லுக்கு, ஒன்று விதை நெல்லுக்கு. அறுப்புக்கு முந்தின மாதமானதால் இரண்டும் காலி. ரேடியோவும் அதன் பக்கத்தில்தான் இருந்தது. வயரைத் திருப்பிக் கொடுக்கும் அன்றைக்குக் கழற்றிக்கொள்ளலாம் என்று வயரோடேயே, இடது அறையில் நெல் வாருகிற வாயில் ஸ்பீக்கரைச் சொருகி, சுற்றிலும் பழந்துணியைத் திணித்தேன். அந்த வயர் இடித்ததில் வாயை மூட முடியவில்லை. மறைக்க ஒரு பலகை தேடித் தொழுவத்துக்குப் போனேன்.

திரும்பி வரும்போது உள்ளே ஒரு ஆம்பிளை கனத்த குரலில் பாடுகிறான். பலகையை ஓங்கிக்கொண்டு நுழைந்தேன். யாரும் இல்லை. அழகியநாயகி ரேடியோவைத் திருகிவிட்டு, மசாலா அரைத்த கையைக் கழுவாமல் பத்தாயத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மத்தளம் கேக்கு, பாத்தேளா? தம்பி வீட்டுல இப்பிடிக் கேக்காது."

பத்தாயத்தின் மேல் கையை வைத்தேன். பலகை அதிர்ந்தது.

அன்றைக்கு அவள் எங்கும் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஆனால் அடுத்த மாதம் கன்னிப்பூ அறுப்பு வருகிறதே, நெல்லை எங்கே போடுவது? காலிப் பத்தாயத்தை யாராவது பார்த்தால் வீடு நொடித்துவிட்டது என்பார்கள். புதுநெல் வந்ததும் ஸ்பீக்கரை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"எடுங்க. நான் தம்பி வீட்டுக்குப் போறேன்."

"ஏட்டி, வெத நெல்ல என் தலையிலயா கொட்டச் சொல்லுக?"

"வைக்கோல் சுத்திக் கோட்டை கெட்டி வைங்க. ஒங்க அப்பா கெட்டலியா? தின்னுகதுக்கு உள்ள நெல்லுக்கு மத்த அறை போரும்."

இரண்டு நாள் யோசித்தேன். புது நெல்லில் முதல் மரக்காலைச் சாமி கும்பிட்டு வலது அறையில் கொட்டினேன். இடது அறையைப் பாட்டுக்கு விட்டேன். விதை நெல்லை வைக்கோலில் பொதிந்து கோட்டை கட்டி அடுக்கினேன்.

அறுப்பு முடிந்து மரியஜான் வந்தான். பத்தாயத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், குனிந்து காது வைத்தான்.

"அண்ணாச்சி, கொள்ளாம், நல்லாருக்கு. இதை யாரு சொல்லித் தந்தா?"

எலி சொல்லித் தந்தது என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஸ்பீக்கருக்கு உண்டான துட்டைக் கொடுத்தேன். பழைய குழாயை எடுத்துக்கொண்டு கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்டான். தர மாட்டேன் என்றேன். காகிதம் எத்தனை மழை தாங்கும் என்று யார் கண்டது?

"அவியொ அப்பிடித்தான்," என்றாள் அழகியநாயகி மரியஜானிடம். "நீரு பேசாம இரும் வே, பாட்டு போகுது."