'வால்' என்று எழுதிய ஜாடி

ஏர்மெக்குக்குத் தன் மூளைமேல் அபார நம்பிக்கை. அதற்கு ஆதாரம் எதுவும் இதுவரை சிக்கவில்லை என்பது வேறு விஷயம். செம்மறியாட்டின் கொழுத்துத் தொங்கும் வாலில் எடுக்கும் ஸ்டெம் செல்லும் வயிற்றுக் கொழுப்பில் எடுப்பதும் ஒரே மாதிரி வளராது. அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் அல்மாத்தி ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷமாக மல்லுக்கட்டுகிறான். இரண்டும் ஒரே ஆட்டினுடையதாக இருக்க வேண்டும், அறுத்த அன்றைக்கே வந்து சேர வேண்டும். நாலு ஆடு இவன் கைராசியில் வீணாகிவிட்டது.

"அஞ்சாவதும் போச்சுன்னா திங்கட்கிழமை மேசையைக் காலி பண்ணிடு" என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

அஞ்சாவது வீட்டுக்கே வந்தது. தங்கை டோல்கினுக்கு நிச்சயம், சம்பந்திகளுக்காக அறுத்தார்கள். வயிற்றுக் கொழுப்பு எடுத்தாயிற்று, வாலில் ஒரு துண்டு போதும். மேதாவி சும்மா இருப்பானா? பத்தாமல் போனால் என்ன செய்வது என்று முழு வாலையும் ஜாடியில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தான். ஆய்வுக்கூடத்தில் ஜாடிக்கு எண் போடுவதுதான் வழக்கம். இவன் முத்து முத்தாக 'வால்' என்று எழுதிவிட்டு ஐஸ் வாங்கப் போனான்.

திரும்பி வந்தபோது சமையலறை மணத்தது. ராய்ஹான் அண்ணி கரண்டியோடு நின்றாள்.

"வாடா தம்பி. வாலைக் காணோமேன்னு உயிரே போயிடுச்சு. நீ பத்திரமா வச்சு பேரும் எழுதியிருக்கே. உன்னைப் போய் பொறுப்பில்லாதவன்னு பேசினோமே."

"எல்லாத்தையுமா போட்டீங்க அண்ணி?"

"பின்னே? நம்ம வழக்கப்படி ஒருத்தருக்கொருத்தர் வாலும் ஈரலும் ஊட்டாம சம்பந்தம் எப்படிடா முடியும்?"

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசலில் டோல்கின் புதுச் சட்டையில் நின்று அவன் முகத்தையே பார்த்தாள். இந்த மாப்பிள்ளைக்காக இரண்டு வருஷம் வீட்டோடு சண்டை போட்டவள். ஏர்மெக் வாயைத் திறக்கவில்லை.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா திறக்க வைத்தாள். ஒரு பிடி வாலும் ஈரலும் தயிரில் தோய்த்து நீட்டினாள்.

"பொண்ணோட அண்ணன் சாப்பிட்டாத்தான் சம்பந்தம் உறுதி, தம்பி."

மூன்று வருஷப் படிப்பு வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. பாழாய்ப்போனது, ருசியாகவும் இருந்தது. இன்னொரு வாய் கேட்டு வாங்கினான்.

பேராசிரியை போனில் கேட்டார். "வால் எங்கேப்பா?"

"என் வயித்துல மேடம்."

"நான் வயிறு கேட்கலை, வால் கேட்டேன்."

"ரெண்டும் ஒரே இடத்துக்கு வந்துடுச்சு மேடம்."

திங்கட்கிழமை மேசையைக் காலி செய்தான். டிராயரில் எண் அச்சிட்ட லேபிள் ஒரு கட்டு, பிரிக்காமலே கிடந்தது.