நம்ம தீவு ஆளு

லே என்னும் துறைமுக நகரத்துச் சந்தையில் பாக்கு விற்கும் பெண்களைக் கூட்டிவைத்து, எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்று வகுப்பெடுப்பதில் நின்காமாவை அடிக்க ஆளில்லை. கல்லூரித் தொண்டர் குழுவில் அவள்தான் முன்னால் நிற்பாள். வாழைப்பழத்தில் ஆணுறை மாட்டிக் காட்டும்போதுகூடக் கூச்சப்பட மாட்டாள். "நீங்க ஜாக்கிரதையா இருக்கணும்க்கா" என்பாள். நீங்க என்றால் சந்தைக்காரிகள், லாரி ஓட்டுகிறவர்கள், குடிசைப் பகுதிக்காரர்கள். மானுஸ் தீவிலிருந்து படிக்க வந்த தன் கூட்டத்தை அவள் அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

மானுஸ் மாணவர்களுக்கு அப்படியொரு திமிர். வெளியூர்ப் பெண் என்றால் ஆணுறை வேண்டும். சொந்தத் தீவுக்காரி என்றால் அந்தப் பேச்சை எடுப்பதே அவமானம். மானுஸ் மாணவர் சங்கத் தலைவனும் நின்காமாவின் காதலனுமான பொக்கனாவ், அவள் ஆணுறையை எடுத்தபோது, "உங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒரே கரையில மீன் வித்தவங்க. நம்ம ஆளு மேலயே சந்தேகமா?" என்று முகத்தைச் சுளித்தான். சந்தையில் அத்தனை பேசியவள் அதைப் பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டாள்.

ரத்தச் சோதனை செய்யப் பழகும் நாளில் தொண்டர்கள் ஒருவர் விரலில் ஒருவர் குத்திப் பார்த்தார்கள். நின்காமா சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள். சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது, எச்.ஐ.வி. இருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்தார்கள், மாற்றமில்லை. மாத்திரையை விடாமல் போட்டால் நன்றாக வாழலாம் என்றார் நர்ஸ். அதை ஊருக்கெல்லாம் சொன்னவளே அவள்தான்.

பொக்கனாவிடம் போய்ச் சொன்னாள். அவன் மென்ற பாக்கைத் துப்பினான்.

"சந்தை சந்தையா சுத்துனவ நீ. எவன்கிட்ட வாங்குனதையோ என் தலையில கட்டாத."

"உன்னைத் தவிர எவனும் கிடையாது. போய் டெஸ்ட் எடு."

"எனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன். வெளிய சொல்லிப் பாரு, உன் மானம்தான் கப்பலேறும்."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. பாதி அவன் மேல், பாதி தன் மேல்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துச் சாப்பாடு. சேகோ என்னும் பனைமாவு ரொட்டியும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும். முதலாண்டு மாணவி ஹிபெய், பொக்கனாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மாதிரி பார்த்துக்கொள் என்று வீட்டார் அவனிடம் ஒப்படைத்த பெண். அவன் அவள் தட்டில் மீனை எடுத்து வைத்த விதம் நின்காமாவுக்குப் பழகிய விதம். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இந்தச் சின்னப் பெண்ணும் மாட்டிக்கொள்வாள். நின்காமா எழுந்தாள்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. சந்தையில வாங்கல. இதே பாயில உக்காந்து சாப்பிடுற ஒருத்தன்கிட்ட இருந்து வந்தது. நம்ம ஆளுன்னு நம்பி வாங்கிக்கிட்டேன். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறேன். பயம் இருக்கிறவங்க கூட வாங்க."

"இவளுக்கு மண்டை கழண்டுபோச்சு" என்றான் பொக்கனாவ். சிலர் சிரித்தார்கள். ஹிபெய் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் நல்ல மழை. ஆஸ்பத்திரி வாசலில் ஹிபெய் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரே குடைக்குள் ஒடுங்கிக்கொண்டு இன்னும் மூன்று மானுஸ் பெண்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் அவனேதானா?" என்றாள் நின்காமா.

மூவரும் குடையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்கள். ஹிபெய்தான் பேசினாள்.

"உங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒரே கரையில மீன் வித்தவங்கன்னு சொன்னான். எங்க அம்மா டீச்சர்க்கா. அப்பவும் நம்பினேன்."