இரண்டு விமானங்களில் ஒன்று

முனாப் இரண்டு கணினி விளையாட்டுச் சீடிகளையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்தார். ஒன்றின் உறையில் சாம்பல் நிறப் போர் விமானம், இறக்கைக்குக் கீழே வரிசையாகக் குண்டுகள். மற்றதில் ஒரு வெள்ளைச் சின்ன விமானம், மூக்கில் காற்றாடி.

“ரெண்டையும் போட ஏலாது தம்பி. உன்ர பழைய பெட்டியில இடம் காணாது. ஒண்டை எடு.”

யோகலிங்கம் திருகோணமலை டவுனில் முனாப்பின் கடையில் கணினி திருத்துகிறவன். கடையில் கழித்துப் போட்ட துண்டுகளைப் பொருத்தித் தனக்கென்று ஒரு கணினி செய்திருந்தான். மத்தியானச் சோறு கொண்டு வந்த அக்கா கமலாதேவி அவன் கதிரைக்குப் பின்னால் நின்றாள். அவன் யோசிக்கவே இல்லை. போர் விமானத்தைக் கடைக் கணினியில் போட்டு ஓட்டத் தொடங்கினான். விமானம் தலைகீழாகக் குத்தி இறங்கியது. கீழே நெருப்புப்பெட்டி அளவில் வீடுகள். அவன் பொத்தானை அழுத்தினான். கூரைகள் எழும்பிப் பறந்தன.

கமலாதேவி அந்தக் கூரைகளைக் கீழே இருந்து பார்த்தவள். ஈச்சிலம்பற்றில் அவர்கள் வீட்டுக்கு மேலே விமானப்படையின் கிபிர் விமானம் வந்த அன்று அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முதல் சுற்றில் பார்க்கும், இரண்டாம் சுற்றில்தான் போடும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் சுற்று முடிந்ததும் எல்லோரும் பங்கருக்குள் இறங்கினார்கள். சட்டியை மூடிவிட்டு வாறேன் என்றாள் அம்மா. பிறகு கமலாதேவி வேலியிலிருந்தும் முருங்கைக் கிளையிலிருந்தும் அம்மாவைப் பொறுக்கி ஒரு உரப்பையில் போட்டாள். ஒரு கையை மட்டும் தேடவே வேண்டியிருக்கவில்லை. அது கத்தியைப் பிடித்தபடி மீன் சட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அவள் எட்டிக் கணினியின் வயரைப் பிடுங்கினாள்.

“அம்மாவைக் கொன்றதை வீட்டுக்குள்ள கொண்டு வரப்போறியோ?”

“இது விளையாட்டு அக்கா.”

“உனக்கு விளையாட்டு. ஆமி வந்து பார்த்தா, குண்டு போடப் பழகுறான் எண்டு உன்னைத் தூக்கிக்கொண்டு போவான். மற்றதை எடு.”

“அது கிழவன்மார் ஓட்டுறது!”

“நீ கிழவனாகிற வரைக்கும் உயிரோட இருக்க வேணும். எடு.”

முனாப் சிரித்தார். “அக்கா சொல்றது சரிதான் தம்பி. அதில சண்டை ஒண்டும் இல்ல. ஏறுறது, இறங்கிறது, அவ்வளவுதான்.”

வெள்ளை விமானம் அன்புவழிபுரத்து வாடகை அறைக்கு வந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவனுக்கு மூன்றாம் நாள் அதை இறக்குவதில் பைத்தியம் பிடித்தது. முதலில் மூக்குக் குத்தி உடைத்தான். பிறகு துள்ளித் துள்ளி இறக்கினான். ஒரு மாதத்தில் சில்லு நிலத்தைத் தொடுவதே தெரியாமல் இறக்கினான். “பாருங்கோ அக்கா, உள்ளுக்க தேத்தண்ணி வச்சிருந்தாலும் சிந்தாது” என்பான். கமலாதேவிக்கு உள்ளூர நிம்மதி. தன் தெரிவு பிழையாகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் இயக்கத்தின் விமானங்கள் கொழும்புப் பக்கம் விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டதாக ரேடியோ சொன்னது. பின்னேரம் யோகலிங்கம் முகம் கறுத்து வந்தான்.

“அக்கா, அதை அழிச்சுப் போடுவமே?”

“ஏன்?”

“இயக்கத்தின்ர பிளேன் சின்னனாம். காத்தாடி வச்சதாம். முனாப் காக்கா சொன்னவர்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குண்டு போடுகிற விமானம் என்றால் காது கிழியக் கத்திக்கொண்டு வரவேண்டும். அவள் அறிந்தது அதைத்தான். “காத்தாடி சுத்திக்கொண்டு வந்து குண்டு போட்டதாமோ? இதை அழிச்சுப்போட்டு மற்றதைக் கொண்டுவரத்தானே கதை விடுறாய், கள்ளா!”

அவனும் சிரித்தான். விமானம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாம் நாள் விடிய ஆறு மணிக்குச் சுற்றிவளைப்பு. ஆண்களை எல்லாம் றோட்டில் குந்த வைத்துவிட்டு ஆமி வீடு வீடாக ஏறியது. இவர்கள் அறைக்குள் ஒரு அதிகாரி வந்தான், கூடவே கொஞ்சம் தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவனும் இன்னும் இரண்டு பேரும். கணினியைக் கண்டதும் யோகலிங்கத்தை றோட்டிலிருந்து இழுத்து வந்து அதைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். திரையில் வெள்ளை விமானம் ஓடுபாதையில் நின்றது.

அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டான்.

“எங்க பழகினது? வன்னியா? இயக்கமா?” என்றான் சிப்பாய்.

“விளையாட்டு ஐயா. கடையில...”

துவக்குப் பிடி வாயில் விழுந்தது. பல் இரண்டு தரையில் தெறித்து அலுமாரிக்கு அடியில் உருண்டது. விழுந்தவனின் விலாவில் சப்பாத்து ஏறியது. எலும்பு முறிந்த சத்தம் கமலாதேவிக்குக் கேட்டது. அவள் பாய்ந்தாள். ஒருவன் அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்துச் சுவரோடு மோதினான்.

அதிகாரி கதிரையை இழுத்துவிட்டான்.

“ஓட்டு,” என்றான் சிப்பாய். “ஏத்து. பிறகு இறக்கு.”

கமலாதேவிக்கு விளங்கியது. சரியாக இறக்கினால் அவன் விமானி. விழுத்தினால் விளையாட்டுப் பொடியன்.

யோகலிங்கத்துக்கும் விளங்கியிருந்தது. வாய் இரத்தம் பட்ட விரல்களால் விமானத்தை ஏற்றினான், திருப்பினான், கொண்டுவந்து தண்ணீருக்குள் குத்தினான். சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. யோகலிங்கத்தின் இடது கையை மேசையில் விரித்து வைத்து, துவக்குப் பிடியால் ஒரு விரலைச் சப்பளித்தான்.

“பொய். திரும்ப.”

இரண்டாம் முறை ஓடுபாதைக்கு வெளியே, மரத்தில். அடுத்த விரல்.

“வேணுமெண்டு செய்றது,” என்றான் சிப்பாய். “ஐயாவுக்குத் தெரியும்.”

பிறகு அதிகாரி கமலாதேவியிடம் வந்தான். பிஸ்டலை அவள் காதுக்குப் பின்னால் வைத்தான். மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. யோகலிங்கம் திரும்பிப் பார்த்தான். விழுத்தடா, விழுத்து என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். அவன் கண்ணை எடுத்துத் திரையில் வைத்தான்.

ஒரு கையால் ஏற்றினான். வளைத்துக் கொண்டுவந்தான். உயரம் குறைந்தது. ஓடுபாதை நேரே வந்தது. அவள் கண்ணை மூடினாள். இடித்த சத்தம் வரவேண்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டில் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி பிஸ்டலை உறையில் போட்டான்.

யோகலிங்கத்தின் கைகளைப் பின்னால் கட்டி, காலில் பிடித்து இழுத்துப் போய் லொறியில் முகங்குப்புறப் போட்டார்கள். குந்தியிருந்த அயலவர்கள் தலை நிமிரவில்லை. கமலாதேவி நெற்றி இரத்தத்தோடு லொறியடிக்கு ஓடினாள்.

“அதைத் தெரிஞ்செடுத்தது நான்! அவன் கேட்டது கிபிரை! உங்கட பிளேனைத்தான் அவன் கேட்டவன், ஐயா! நான்தான் வேண்டாமெண்டனான்!”

லொறியில் ஏறப்போன சிப்பாய் காலை இறக்கித் திரும்பினான்.

“எங்கட பிளேன் ஏன் வேணாம் சொன்னது நீ?”

அம்மாவைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

“சொல்லாதீங்கோ அக்கா!” லொறிக்குள்ளிருந்து யோகலிங்கம் கத்தினான். “என்ர அக்கா, சொல்லாதீங்கோ!”

துவக்குப் பிடி விழுந்தது. இன்னொரு முறை விழுந்தது. பிறகு அவன் குரல் வரவில்லை. சிப்பாய் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான்.

சிப்பாயும் ஏறி, லொறி புறப்பட்டுச் சந்தி திரும்பும் வரைக்கும் கமலாதேவி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.